கூந்தற் காப்பும் பண்பாட்டுக் காப்பும்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க மேடையேறிய பெரியவர் ஒருவர், தில்லிவாழ் தமிழ்ப் பெண்களைப் பற்றி மிக வருந்திப் பேசினார். “முதலில் எண்ணெயை விட்டார்கள், அடுத்துச் சிகைக்காயை விட்டார்கள், பிறகு பின்னலை விட்டார்கள். இனி விடுவதற்குத் தமிழ் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது” என்றார். அவை கைதட்டியது. என் அருகே அமர்ந்திருந்த என் பேத்தி தலைகுனிந்தாள். தோளளவு குறைக்கப்பட்ட கூந்தல் அவளுடையது. அரைமணி நேரத்துக்கு முன்புதான் அதே மேடையில் குறளின் ஓர் அதிகாரத்தை முழுவதும் பிழையின்றி ஒப்பித்துவிட்டு இறங்கியிருந்தாள். வீடு திரும்பும் வழியில், “பாட்டி, அடுத்த வருஷம் முடி வளர்ந்த பிறகு மேடைக்கு வரட்டுமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை கூற வேண்டியவள் அவளல்லள். சங்கத்தைச் சேர்ந்த நாமே. ஆதலின் இதை எழுதுகிறேன். பெரியவரின் வயதுக்கு வணக்கம். அவர் கருத்துக்கு மறுப்பு.

முதலில் என் தலையின் வரலாற்றையே சாட்சியாக வைக்கிறேன். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் நான் வளர்ந்தேன். வெள்ளிதோறும் எண்ணெய் முழுக்கு. நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் பொரிய, அந்தச் சூட்டோடு அம்மா உச்சியில் வைத்துத் தேய்ப்பார். சிகைக்காயோடு பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல் ஆகியவற்றைச் சேர்த்து மாவு மில்லில் அரைத்து வருவோம். முழுக்கு முடிந்ததும் சாம்பிராணிப் புகை. இவற்றையெல்லாம் நினைக்கும்போது எனக்கும் நெஞ்சு இளகத்தான் செய்கிறது. ஆனால் அந்நினைவில் இன்னொரு காட்சியும் உண்டு. ஐந்து பிள்ளைகளுக்கும் கிணற்றிலிருந்து நீர் இறைத்து, விறகடுப்பில் காய்ச்சி, ஒவ்வொரு தலையாகத் தேய்த்து, அலசி, உலர்த்தி, பின்னிவிட்ட பிறகு, பிற்பகல் இரண்டு மணிக்கு ஆறிய நீரில் தம் தலையை நனைத்துக்கொண்டவர் என் அம்மா. பண்பாடு என்று நாம் இன்று போற்றுவதில் அவருடைய வெள்ளிக்கிழமைகள் அத்தனையும் அடங்கியிருக்கின்றன. அந்த உழைப்பை எந்த மேடையிலும் எவரும் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை.

1976ஆம் ஆண்டு திருமணமாகித் தில்லிக்கு வந்தேன். கரோல்பாக்கில் மொட்டைமாடியில் ஓர் அறை. காலையில் இரண்டு மணி நேரம் குழாயில் நீர் வரும். வெந்நீருக்குக் கரி அங்கீட்டி. ஜனவரி மாதத்தில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கல்லாக உறைந்துவிடும். அதனை வெயிலில் வைத்து உருக்குவதற்கு வெயிலும் வந்தாக வேண்டும். அலுவலகம் செல்லத் தொடங்கியதும் வெள்ளிக்கிழமை முழுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. மாறிய முதல் வழக்கம் அதுதான். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு, புதனும் சனியும் ஆண்களுக்கு என்று வகுத்திருந்த மரபு அன்றே முறிந்தது. அதற்காக எவரும் இரங்கற்பா பாடவில்லை. ஏனெனில் அலுவலகத்தின் கட்டளை ஆண்களையும் கட்டியது.

பிறகு குடிபெயர்ந்த பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர். ஊரிலிருந்து வந்த சிகைக்காய் தீர்ந்துபோன மாதங்களில் கட்டிச் சோப்பைத் தலைக்குப் போட்டேன், கூந்தல் வைக்கோலாயிற்று. காரணம் பின்னர்தான் விளங்கியது. சோப்பிலுள்ள கொழுப்பமிலம், கடினநீரிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் கூடிக் கரையாத படிவாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். சிகைக்காயின் நுரைக்குக் காரணமான சப்போனின் அவ்வாறு படிவதில்லை. என் நிலை கண்டு இரங்கிய பஞ்சாபி அண்டைவீட்டு அம்மையார், ‘ரீட்டா’ என்று ஒரு கொட்டையை ஊறவைத்துத் தந்தார். அது நம் பூந்திக்கொட்டையே. அயலென்று நான் எண்ணியிருந்தது என் பாட்டி பட்டுப்புடவை அலசிய பொருளாக இருந்தது!

எண்பதுகளில் ஷாம்பு வந்தது. கடினநீரிலும் நுரைத்தது, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. 1984இல் இரண்டாம் மகவு பிறந்த சில மாதங்களில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது, ஊரிலிருந்து வந்த கடிதங்கள் யாவும் ஷாம்புவையே குற்றவாளியாக்கின. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தார். பேறுகாலத்துக்குப் பின் இப்படி உதிர்வது இயல்பு என்றும், ஆயினும் என் உடலில் இரும்புச்சத்து மிகக் குறைந்திருக்கிறது என்றும் கூறினார். எல்லோரும் உண்ட பிறகு எஞ்சியதை உண்டவளின் தலைக்கு எண்ணெயா குறை? 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, இந்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையுற்றவர் என்கிறது. கூந்தல் குறைகிறதே என்று கவலையுறும் பெரியோர், முதலில் தத்தம் வீட்டுப் பெண்கள் உண்ணும் நேரத்தையும் உண்ணும் அளவையும் நோக்குவாராக.

ஐம்பதை நெருங்கியபோது நரைக்குச் சாயம் பூசினேன். சில ஆண்டுகளில் உச்சந்தலை அரித்துக் கொப்பளித்தது. கருஞ்சாயங்கள் பலவற்றிலும் உள்ள ஒரு வேதிப்பொருள் சிலருக்கு ஒவ்வாது என்றார்கள், நிறுத்திவிட்டேன். இன்று என் கூந்தல் வெண்மையாகவும் கழுத்தளவாகவும் இருக்கிறது. முதல்நாள் இரவு சிறிது தேங்காய் எண்ணெய், மறுநாள் மென்மையான ஷாம்பு, தீபாவளிக்கு மட்டும் நல்லெண்ணெய். எழுபதாண்டில் நீரும் நிலமும் நேரமும் உடலும் மாறியவாறெல்லாம் என் வழக்கமும் மாறிற்று. இதில் எந்த மாற்றத்தின் நாளன்று நான் தமிழச்சியல்லாமற் போனேன்? பெரியோர் சுட்டிக் காட்டட்டும்.

மரபு என்கிறார்கள். எந்த மரபு? சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி கூந்தல் ஆட்டிய நீரில் ஊறியவை பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும். ஈரம் புலர்த்த அகிற்புகை. ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் கூந்தலுக்கு ஐம்பால் என்றே பெயர் வைத்தனர் சங்கச் சான்றோர். அவற்றையெல்லாம் நம் பாட்டியர் செய்தனரா? மாதவியின் முறையைப் பாட்டி கைவிட்டாள். பாட்டியின் முறையைப் பேத்தி கைவிடுகிறாள். முன்னது வளர்ச்சி, பின்னது வீழ்ச்சி என்பது எந்த ஊர் நியாயம்?

இனி ஆண்களின் தலைக்கு வருகிறேன். நம் பாட்டனாரின் காலத்தில் குடுமி இல்லாத தமிழரைக் காண்பது அரிதாயிருந்த ஊர்கள் பல. குடுமி சமயச் சின்னமா, வெறும் வழக்கமா என்று மறைப்பணியாளரிடையே பூசல் எழுந்து, கால்டுவெல் 1867இல் அதுபற்றி ஒரு சிறு நூலே எழுதினார். அத்துணைப் பெருமை வாய்ந்த குடுமி, கிராப்பு என்னும் ஆங்கிலச் சொல்லின் முன் ஓரிரு தலைமுறைக்குள் மறைந்தது. அப்போது தமிழ் அழிந்ததா? இல்லை. குடுமியை எடுத்தவர்களே ஏடுகளைப் பதிப்பித்தனர், இதழ்கள் நடத்தினர், நாம் கூடியிருக்கும் இத்தகைய சங்கங்களையும் நிறுவினர். தம் தலையை எவரையும் கேளாமல் திருத்திக்கொண்டவர்கள், பேத்தியின் தலைக்கு மட்டும் காவல் நிற்கிறார்கள். அன்றும் அவையில் கைதட்டியவர் பலருடைய தலைகள் எழுபதிலும் கருகருவென்றிருந்தன. அக்கருமை சங்ககாலத்திலிருந்து வழிவழியாக வந்ததன்று என்பது அவரவர் முடிதிருத்துநருக்குத் தெரியும்.

நம்மைச் சூழ்ந்து வாழும் சீக்கியரைப் பாருங்கள். 1699இல் கால்சா அமைந்ததுமுதல் முடியைக் களையாமை அவர்கள் நெறி. அந்நெறி ஆணையும் பெண்ணையும் ஒருங்கே கட்டுகிறது. தந்தை தம் தலையில் சுமப்பதையே மகளிடமும் கேட்கிறார். நம்மிடம் உள்ளது அத்தகைய நெறியா? தான் இறக்கிவைத்த சுமையைப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு அதற்குப் பண்பாடு என்று பெயரிடுவது எளிது, நேர்மையன்று.

இதனைச் சிறிய செய்தி என்று ஒதுக்குவோர், கணவனை இழந்த சிறுமியரின் தலையை மழித்ததும் நம் சமூகத்தில் சில குடும்பங்களில் மரபின் பெயரால்தான் நடந்தது என்பதை நினைக்க வேண்டும். கூந்தலை வளர் என்று ஆணையிட்ட அதே வாய்தான், களைக என்றும் ஆணையிட்டது. இளமையிலேயே கைம்பெண்ணாகிய சகோதரி சுப்பலட்சுமியின் தலையை மழிக்காமல் அவரைப் படிக்கவைத்தனர் வீட்டார். 1911இல் சென்னையில் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பெண்களுக்குக் கல்வியும் உறைவிடமும் அளிக்கத் தம் வாழ்நாளை ஈந்தார் அவர். மரபுக்குப் பணியாத ஒரு வீட்டால் தமிழகம் இழந்ததா, பெற்றதா?

மதுரையில் நிகழ்ந்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறும் வழக்கு யாவரும் அறிந்ததே. அரசியின் கூந்தல் மணம் இயற்கையா, செயற்கையா என்று பாண்டியன் ஐயுற்றான். தருமி பாட்டுக் கொணர்ந்தான். நக்கீரர் குற்றங் கண்டார். இறைவனே நெற்றிக்கண் திறந்தான். இத்தனை பேர் வழக்காடிய அவ்வவையில், கூந்தலுக்கு உரியவளை ஒருவரும் அழைத்து வினவவில்லை. என்ன தேய்த்துக்கொள்கிறாய் அம்மா என்று ஒரு சொல் கேட்டிருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும்! நம் பொங்கல் மேடையிலும் அதே அவைதான் கூடியிருந்தது.

ஷாம்பு மேனாட்டுப் பொருள் என்று இகழ்வோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அச்சொல்லே இந்தியில் உடம்பு பிடித்துவிடுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பாட்னாவில் 1759இல் பிறந்த தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் நடத்தி, மன்னர் நான்காம் ஜார்ஜுக்கே அத்தொழில் புரிந்தார். அந்தப் பொருளைச் சிறு உறையில் அடைத்து ஏழையின் கைக்கும் எட்டச் செய்த முன்னோடி, கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்னும் தமிழர். அவர் பெயரைத் தாங்கியே 1983இல் சிக் ஷாம்பு சந்தைக்கு வந்தது. கடலூரில் பிறந்ததை இலண்டனில் பிறந்ததாகக் கருதித் திட்டுகிறோம்.

எண்ணெய் வேண்டாம், சிகைக்காய் வேண்டாம் என்பது என் வாதமன்று. தேங்காய் எண்ணெய் முடியின் உட்புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. பாட்டியின் கை பொய் சொல்லவில்லை. ஆனால் முடியின் உயிர் வேரில் உள்ளது. வெளியே தெரியும் இழை உயிரற்றது. எண்ணெய் இழையைக் காக்கும். இல்லாத முடியை முளைப்பிக்காது. பொடுகுள்ள தலையில் எண்ணெயை ஊறவிட்டால், பொடுகை வளர்க்கும் நுண்ணுயிர்க்கு அது விருந்தாகவும் கூடும். நாள்தோறும் 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பே. அதனைச் சீப்பில் கண்டு நடுங்க வேண்டுவதில்லை. இவற்றை நம் பெண்மக்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். காரணம் கூறிக் கொடுத்தால் அது அறிவு. காரணம் கூறாமல் கொடுத்தால் அது கட்டளை. இளையோர்க்கும் ஒரு சொல்: எங்களிடமிருந்து எள்ளி எறிந்த சிகைக்காயையும் செம்பருத்தியையும் அழகிய புட்டியில் பத்து மடங்கு விலைக்கு வாங்குகிறீர்களே, முகப்பிலுள்ள படத்தை நம்பாமல் பின்பக்கத்திலுள்ள பொருட்பட்டியலையும் படியுங்கள்.

நாம் உண்மையில் இழந்தது எண்ணெயன்று. அம்மாவின் முழங்காலருகே தலையைக் கொடுத்து அமர்ந்திருந்த அரைமணி நேரம், அப்போது சொல்லப்பட்ட கதை, திட்டு, ஊர்ச்செய்தி. நான் தமிழ் கற்றதில் பெரும்பகுதி அந்த அரைமணிகளில்தான். அதனைக் காக்க விரும்பும் பெரியோருக்கு ஒரு வழி கூறுவேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களே எழுந்து, அவர்களே வெந்நீர் போட்டு, பேத்தியோ பேரனோ விரும்பினால் தம் கையாலேயே எண்ணெய் வைத்து, தமிழில் ஒரு கதையும் சொல்லட்டும். தோளளவுக் கூந்தலுக்கும் கதை கேட்கக் காதுண்டு.

இறுதியாக ஒன்று. என் பேத்தி காலை ஏழு மணிக்கு மெட்ரோ பிடித்துக் கல்லூரிக்குப் போகிறவள். நீண்ட கூந்தலை உலர்த்த நேரமில்லாததால் குறைத்துக்கொண்டாள். நேரம் வாய்த்தால் வளர்ப்பாள், வாய்க்காவிடில் விடுவாள். அது அவள் தலை. அவள் ஒப்பித்த அதிகாரமோ நம் எல்லோருக்கும் பொது. அடுத்த பொங்கலுக்கு அவள் மேடைக்கு வர வேண்டுமாயின், சென்ற பொங்கலன்று கூறப்பட்ட சொல் அதே மேடையில், அதே ஒலிபெருக்கியில் திரும்பப் பெறப்பட வேண்டும். சங்கத்தின் செயற்குழுவிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுவே.