முதியோருக்கு ஏற்ற நடைபாதை



தில்லி வளர்ச்சி ஆணையம் 1970களில் உருவாக்கிய ஜனக்புரியில் அன்று இளம் தம்பதியராகக் குடியேறியவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். இங்கே பூங்காக்களுக்குப் பஞ்சமில்லை; அவர்களை உள்ளே வரவழைக்கும் பாதைகள்தான் தேவை. முதியவர் நடப்பதா வேண்டாமா என்பதைப் பாதையின் நீளமோ அழகோ தீர்மானிப்பதில்லை, விழுந்துவிடுவோமோ என்ற பயமே தீர்மானிக்கிறது. வேர் தூக்கிவிட்ட ஒரு கல் அரை அங்குலம் உயர்ந்திருந்தாலும், காலை அதிகம் தூக்காமல் நடப்பவருக்கு அது தடுக்கும். பளபளப்பான டைல்ஸ் குளிர்காலப் பனி ஈரத்தில் வழுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட முதியோர் நேய நகரங்களுக்கான வழிகாட்டியும் வழுக்காத தரை, சீரான இடைவெளியில் இருக்கைகள், சுத்தமான கழிப்பறை ஆகியவற்றைத்தான் வலியுறுத்துகிறது.

இதற்கெல்லாம் பணம் ஏது என்று கேட்கலாம். நல்ல கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கல் பதிக்கும் செலவில் ஒரு பகுதி போதும்; கைப்பிடியும் சாய்மானமும் உள்ள பெஞ்சுகளைப் போட்டுவிடலாம். பெஞ்ச் போட்டால் வேலையற்றவர்கள் கூடுவார்கள் என்பது இன்னொரு வாதம். நல்ல வெளிச்சமும் ஆள் நடமாட்டமும்தான் அதற்கு மருந்து. உட்கார இடமில்லாத பூங்காவில் முதலில் காணாமல்போவது முதியவர்களே. கான்கிரீட் போட்டால் பசுமை குறையுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் கான்கிரீட் தேவையில்லை; நன்கு இறுகிய, நீர் தேங்காத மண்பாதையே மூட்டுகளுக்கும் மரங்களுக்கும் இதம். முதியவருக்கு ஏற்ற பாதை, தள்ளுவண்டிக் குழந்தைக்கும் சக்கர நாற்காலிக்கும் ஏற்றதே.

வாசகர்,
ஜனக்புரி, புதுதில்லி