அன்புள்ள பந்திக்குக் கீரையே போதும்

தியானப் பகுதி: நீதிமொழிகள் 15:17



பல ஆண்டுகளுக்கு முன் மும்பை தாராவியில் ஒரு விசுவாசியின் வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். ஒரே அறை, அதன் மூலையில்தான் சமையல். நாங்கள் பாடி, ஜெபித்து, வேதத்தைத் தியானித்த நேரமெல்லாம் அந்தச் சகோதரி அடுப்பை விட்டு அகலவில்லை. முடிவில் ஆட்டுக்கறிக் குழம்பும் வறுவலும் பரிமாறினார்கள். நானும் ருசித்துப் புசித்தேன்.

கை கழுவும்போது அவர்களுடைய சிறு மகன், “பாஸ்டர் ஐயா, நீங்க வர்றீங்கன்னு அம்மா பக்கத்து வீட்டு அத்தைகிட்ட கடன் வாங்கினாங்க” என்று சொல்லிவிட்டான். தாயின் முகம் வாடிப்போயிற்று. “தப்பா நினைக்காதீங்க ஐயா. ஊழியக்காரருக்கு வெறும் பருப்புச் சோறு எப்படிப் போடுவது?” என்றார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. ஒரு வீட்டுக் கறிச்சோற்றை மறு வீட்டில் புகழ்ந்து பேசிய என் நாவே அந்தக் கடனுக்குக் காரணம் என்று ஆவியானவர் உணர்த்தினார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் அதை அறிக்கையிட்டு, “இனி வீடு சந்திக்க வரும்போது பருப்பும் கீரையும் மாத்திரம் வையுங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். சிலருக்கு அது வருத்தமாகவும் இருந்தது.

அருமையானவர்களே, மாம்சம் புசிப்பது பாவமென்று நான் போதிக்கவில்லை. புசிக்கிறவனும் புசியாதவனும் ஒருவரையொருவர் குற்றப்படுத்தலாகாது என்று ரோமர் 14-ஆம் அதிகாரம் தெளிவாய்க் கூறுகிறது. ஆனால் எளிய உணவை அவமானமாய் எண்ணுவது நமக்குத் தகாது. மார்த்தாள் பற்பல வேலைகளால் கலங்கினபோது ஆண்டவர் அவளைக் கனிவோடு திருத்தினார் (லூக்கா 10:38-42). அந்நிய நகரமாகிய பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேல், ராஜபோஜனத்தை விலக்கி, பத்து நாள் மரக்கறியும் தண்ணீருமே போதும் என்று கேட்டு, முகக்களையோடு நின்றான் (தானியேல் 1:12-15). பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கும் அது நல்ல பாடம்.

வேலை முடிந்து களைத்து வரும் இரவுகளில் கடைப் பொட்டலத்தை நாடுகிறோம். அரை மணி நேரத்தில் நால்வருக்கு ஆகும் ஒரு சமையலைச் சொல்கிறேன். ஒரு கப் பாசிப்பருப்பு, இரண்டு தக்காளி, நாலு பல் பூண்டு, சிறிது மஞ்சள்தூள், மூன்று கப் தண்ணீர் ஆகியவற்றைக் குக்கரில் வைத்து மூன்று விசில் விடுங்கள். திறந்தபின், கழுவி நறுக்கிய ஒரு கட்டு பாலக்கீரையும் உப்பும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, சீரகம், மிளகாய் வற்றல் தாளித்துக் கொட்டி, இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். சோற்றுக்கும் ஏற்றது, சோள பாக்ரிக்கும் ஏற்றது.

தானியத்தில் குறைவுபடும் புரதச்சத்தைப் பருப்பு நிறைவாக்குகிறது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க எலுமிச்சை துணைசெய்கிறது. உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைபடுகிறது. ஒருவர் நாளொன்றுக்குக் காய்கனிகள் 400 கிராமாவது உண்ணவேண்டும், உப்பு 5 கிராமுக்குக் குறைவாய் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. முற்றிலும் சைவமாய் உண்போர் பாலையோ தயிரையோ விடாதிருப்பது நல்லது. பி12 சத்து காய்கறிகளில் இல்லை. சர்க்கரை நோயுள்ளோர் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டிக்கொள்ளலாம். சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும்.

கணவன்மார்களே, மனைவியும் உங்களைப்போல் உழைத்துத்தான் வீடு திரும்புகிறாள். கீரை ஆய்வது ஆண்மைக்கு இழுக்கல்ல.

சில மாதங்களுக்குப்பின் அதே வீட்டிற்கு மறுபடியும் சென்றேன். சகோதரர் கீரை ஆய்ந்து வைத்திருந்தார். மகன் எலுமிச்சை பிழிந்தான். அந்தச் சகோதரி முதல்முறையாக எங்களோடு உட்கார்ந்து பாடி, தன் வாயினாலே ஜெபித்தார்கள். அன்றைய பருப்புச் சோற்றின் ருசியை நான் மறக்கவில்லை.

இந்த வாரம் ஓர் இரவாவது குடும்பமாய்ச் சமைத்து, குடும்பமாய் உட்கார்ந்து, ஸ்தோத்திரம் செலுத்திப் புசியுங்கள். கர்த்தர் தாமே உங்கள் அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதித்து, வியாதியை உங்களை விட்டு விலக்குவாராக. ஆமென்.