மாறாத தவணை எனும் ஏமாற்று

வீட்டுக்கடன் வாங்கியவர் கடன் தீரும்வரை பத்திரத்தை வங்கியிடம் விட்டுவைக்கிறார். அதில் எனக்குப் புகார் இல்லை. கடனென்றால் ஈடு உண்டு. என் புகார் வேறு. கடனின் ஆயுளைக் கடனாளியிடம் கேட்காமலே நீட்டுவதை வங்கிகள் வழக்கமாக்கிக்கொண்டன. நாமும் அதைச் சலுகை என்றே நம்பினோம்.

2022 மே மாதத் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் அது 6.50. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாக வழங்கிய மிதக்கும் வட்டி வீட்டுக்கடன்கள் இதுபோன்ற புறக் குறியீட்டோடு பிணைக்கப்பட்டவை. ஆகவே ஏற்றம் சில மாதங்களிலேயே கடன் கணக்கில் வந்து அமர்ந்தது. ஆயினும் பலருக்கு மாதத்தவணை மாறவில்லை. அதே தேதியில் அதே தொகை பிடிக்கப்பட்டது. தப்பித்தோம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 40 லட்சம் ரூபாய், 20 ஆண்டுகள், 7 சதவீத வட்டி: தவணை 31,012 ரூபாய். ஓராண்டு ஒழுங்காகக் கட்டிய பின் நிலுவை ஏறத்தாழ 39.05 லட்சம். அப்போது வட்டி 9.5 ஆகிறதென்று கொள்வோம். அந்த மாத வட்டி மட்டும் 30,913 ரூபாய். தவணையில் அசலுக்குப் போவது ஏறக்குறைய 100 ரூபாய்! இதே தவணையில் இக்கடனை அடைக்க இன்னும் 60 ஆண்டுகள் வேண்டும். எஞ்சிய 19 ஆண்டுகளில் முடிக்க வேண்டுமானால் தவணை 37,000 ரூபாயைத் தாண்டும். எந்த வங்கியும் 60 ஆண்டு காத்திராது. தன் எல்லை வரை காலத்தை நீட்டிவிட்டுப் பிறகு தவணையையும் உயர்த்தும். நாற்பது வயதில் கடன் வாங்கியவருக்கு அந்த நீட்சி எங்கே போய் நிற்கும்? ஓய்வுபெற்ற பின்னர், சம்பளம் இல்லாத காலத்தில்.

"ஏறும் வட்டி இறங்கவும் செய்யுமே" என்பார்கள். இறங்கியது. 2025 ஆம் ஆண்டில் ரெப்போ 6.50 இலிருந்து 5.25 ஆனது. ஒன்பது மாதங்களில் ஏறியதில் பாதி திரும்பி வர, இரண்டாண்டு காத்திருப்பும் மேலும் ஓர் ஆண்டும் தேவைப்பட்டன. இடையில் செலுத்திய வட்டி எவருக்கும் திரும்பாது.

"தவணையை உயர்த்தியிருந்தால் குடும்பம் தாங்குமா?" என்பது இன்னொரு வாதம். இதில் நியாயம் உண்டு. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் உள்ள வீட்டில் மாதம் 6,000 ரூபாய் கூடுதலாக எடுப்பது எளிதன்று. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் கடன் வாங்கியவரா, கொடுத்தவரா?

ரிசர்வ் வங்கியே இக்கேள்வியை ஏற்றுக்கொண்டது. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்பதைக் கடனாளியே தேர்ந்தெடுக்கலாம். தவணை வட்டிக்கும் போதாத நிலை வரக்கூடாது. நிலையான வட்டிக்கு மாறவும் வாய்ப்புத் தரவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. இவற்றுள் கடைசியானதை 2025 இல் வங்கிகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. கொடுத்த உரிமைகளில் ஒன்று இரண்டே ஆண்டில் தேய்ந்துவிட்டது. அதற்காக நாம் முணுமுணுக்கக்கூட இல்லை.

முணுமுணுக்காததற்குக் காரணம் நம் பழக்கம். கத்தரிக்காய் வாங்கும்போது எடைத்தட்டை உற்றுப் பார்க்கிறோம். வாழ்நாளின் மிகப்பெரிய கொள்முதலில், கழிந்த தொகையை மட்டும் குறுஞ்செய்தியில் பார்த்துவிட்டு நகர்கிறோம். கடன் கொடுத்தவர் காலாண்டுதோறும் தரவேண்டிய அறிக்கையில், எஞ்சிய தவணைகளின் எண்ணிக்கை என்று ஒரு வரி இருக்கும். அதை எத்தனை பேர் படித்தோம்?

இன்றே அந்த எண்ணைப் பாருங்கள். கடன் வாங்கிய நாளில் சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் வங்கிக்குச் சென்று, யாரைக் கேட்டு நீட்டினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வட்டி இறங்கியிருக்கும் இப்போது தவணையைக் குறைக்கச் சொல்லாமல் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்திலேயே வாங்குங்கள்.