கார் வாங்கறீங்களா? விற்கிற விலையை முதல்ல கேளுங்க!

சென்னிமலை:

கண்ணபுரம் சந்தைக்குக் காங்கேயம் காளை பிடிக்கப் போகிறவர் என்ன செய்வார்? பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். "நாளைக்குக் கைமாத்தினா என்ன தேறும்?" என்று மனசுக்குள் கணக்குப் போட்ட பிறகுதான் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்!

அதே ஆசாமி ஈரோட்டில் கார் ஷோரூமுக்குள் நுழைந்தால் கணக்கெல்லாம் பறந்துவிடுகிறது! கலரைப் பார்க்கிறார். டச் ஸ்கிரீனைத் தடவுகிறார். "சீட் கவர் இனாமுங்களா?" என்கிறார். அஞ்சு வருஷம் கழித்து இந்த வண்டியை யார் வாங்குவார் என்று கேட்பதே இல்லை!

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கார் ஏழரை லட்சம். இன்னொன்று 7 லட்சத்து 10 ஆயிரம். "40 ஆயிரம் மிச்சமுங்க" என்று இரண்டாவதை எடுக்கிறீர்கள். 5 வருஷம் கழித்து முதல் கார் நாலேகால் லட்சத்துக்குப் போகிறது. உங்கள் காரை இரண்டரைக்குக் கேட்கிறான். முதல் காரில் நஷ்டம் மூணேகால் லட்சம். உங்களுக்கு 4 லட்சத்து 60 ஆயிரம்! மிச்சம் பிடித்த லட்சணம் இதுதான்.

இன்சூரன்ஸ்காரர் கணக்கில் எல்லாக் காருக்கும் ஒரே தேய்மானம். 4 வருஷம் தாண்டினால் பாதி விலை. சந்தைக்கு அப்படி ஒரே தராசு கிடையாது!

போர்டு கதை ஞாபகம் இருக்கிறதா? நல்ல வண்டி. கெட்டியான தகடு. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. சர்வீசும் உதிரி பாகமும் தொடரும் என்றும் சொன்னது. சந்தை அதைக் காதில் வாங்கவில்லை. விலை இறங்கிவிட்டது! அதற்கு முன்பே 2017-ல் செவர்லே விற்பனையை நிறுத்தியபோதும் இதே கூத்துதான்.

மாருதிக்கு மட்டும் ஏன் கிராக்கி? ரகசியம் ஒன்றுமில்லை. எந்த ஊர் ஒர்க்ஷாப்பிலும் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் உண்டு. பாகம் கிடைக்கும். 1983-ல் வந்த மாருதி 800, 2014-ல் உற்பத்தி நின்ற பிறகும் கைமாறிக்கொண்டு இருந்ததே!

இன்னொரு அடியும் உண்டு. 2025 செப்டம்பர் 22-ல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புதுசு வாங்கினவருக்குக் கொண்டாட்டம். அதுக்கு முந்தின மாசம் வாங்கினவருக்கு? புதுசு விலை இறங்கினால் பழசும் கூடவே இறங்கும். இதை யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாது என்பது வாஸ்தவம்.

ஆனால் ஒரு காரியம் செய்யலாம். புக் பண்ணும் முன் பழைய கார் கடைகள் இரண்டு மூன்றில் ஏறி இறங்குங்க. அதே மாடல், 5 வருஷப் பழசு என்ன விலை என்று விசாரியுங்க. வாங்க வந்ததாகச் சொன்னால் ஒரு விலை வரும். விற்க வந்ததாகச் சொன்னால் வேறு விலை வரும். விற்க வந்ததாகவே சொல்லுங்க!

15 வருஷம் ஓட்டி, கடைசியில் காயலான் கடைக்கு அனுப்புகிற கட்டுசெட்டுக்காரருக்கு இந்தப் பேச்சே வேண்டாம். அவர் மதிப்பு இறங்கின வண்டியைச் சல்லிசாகப் பிடித்தாலும் லாபம்தான். பாகத்துக்காகக் கோவை, ஈரோடு என்று அலையத் தெம்பு இருக்க வேணும், அவ்வளவுதான்!