பொறுத்தவர்கள் பூமி ஆளவில்லை

பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பழமொழியை என் வாழ்நாளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கடைசியாக அதை நான் சொன்னது 2021ஆம் ஆண்டின் இறுதியில், முதன்முதலாகச் சொந்த வீடொன்று வாங்கப் புறப்பட்ட ஓர் இளந்தம்பதியருக்கு. அந்த அறிவுரைக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

கணவன் என்னுடன் பத்திரிகைப் பணிமனையில் உதவி ஆசிரியராக இருந்தவர். மனைவி ஆசிரியை. பத்து ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, தெகிவளையில் ஒரு பழைய வீட்டைக் கண்டுபிடித்தார்கள். விற்பவர் எனக்கு நீண்டகாலம் தெரிந்த குடும்பத்தவர். “நல்ல மனிதர்கள், பயப்படாதே” என்று சொன்னவனும் நானே. 2021 ஓகஸ்டில் ஒரு கோடியே எண்பது இலட்சம் ரூபாய் என்று விலை பேசி, இருபது இலட்சம் முற்பணமாகக் கொடுக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய பாதி, அந்த ஆசிரியையின் பன்னிரண்டு பவுண் நகையை விற்ற காசு. பெற்றுக்கொண்டதற்குச் சான்றாக, கோட்டுத் தாள் ஒன்றில் முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார் விற்பவர். மூன்று மாதத்தில் உறுதி எழுதுவதென்பது வாய்ப்பேச்சு.

மூன்று மாதம் பதினான்கு மாதமாயிற்று. வீடு கைமாறவேயில்லை.

தாமதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வீடு இறந்துபோன தாயாரின் பெயரில் இருந்தது. மரணசாசனம் எதுவும் இல்லை. பிள்ளைகள் நால்வர், ஒருவர் கொழும்பில், ஒருவர் பாரிசில், இருவர் ரொறன்ரோவில். தாயாரின் ஆதனம் பற்றி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கே அப்போதுதான் தாக்கல் செய்யப்பட்டிருந்தது. வெளிநாட்டில் இருந்த மூவரும் கொழும்பிலுள்ள சகோதரருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கவேண்டும். அதை அந்தந்த நாட்டு இலங்கைத் தூதரகத்தில் அல்லது துணைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி, கொழும்பில் மீண்டும் சரிபார்ப்பித்து, பதிவு செய்யவேண்டும். இடையில் தத்துவம் கொடுத்தவர் காலமானால் அந்தத் தத்துவமும் அவரோடு முடிந்துவிடும். இவையெல்லாம் உண்மையான காரணங்கள். இவற்றை விலை பேசிய அன்றே சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதல் வீடு வாங்குபவர் ஏன் கேட்பதில்லை? நான் கண்ட வரையில் அவர் விலை பேசிய அன்றே மனத்தால் அந்த வீட்டிற் குடியேறிவிடுகிறார். எந்த அறை பிள்ளைக்கு, சாமிப்படத்தை எந்தச் சுவரில் வைப்பது, முற்றத்து மாமரத்தை விடுவதா வெட்டுவதா என்றெல்லாம் இரவிற் பேச்சு நடக்கிறது. அதன் பிறகு விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்பதென்றாலும் நா எழாது. கேட்டால் கோபித்துக்கொண்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாரோ என்ற பயம். இருபது இலட்சம் கொடுத்தவர், அதை வாங்கி வைத்திருப்பவரைப் பார்த்து அஞ்சுகிறார்! வேறெந்தக் கொடுக்கல் வாங்கலிலாவது இப்படி நடக்குமா?

அந்தப் பயத்துக்கு நான் வைத்த பெயர்தான் பொறுமை.

பிறகு 2022 வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் இருநூறு ரூபாய் அளவில் நின்றது. மே நடுப்பகுதியில் அது முந்நூற்றறுபது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வீட்டுக்கடன் வட்டி இருபது வீதத்தைத் தாண்டிச் சென்றது. தம்பதியருக்கு 2021இல் வங்கி கொடுத்த கடன் அங்கீகாரம் காலாவதியாகியிருந்தது. புதிதாகக் கணக்குப் பார்த்தபோது, மாதத் தவணை கணவனின் முழுச் சம்பளத்தையும் விழுங்குமளவுக்கு வந்து நின்றது. சீமெந்துப் பையின் விலை இருமடங்கைத் தாண்டியதால், பழைய வீட்டைத் திருத்த ஒதுக்கிய காசு ஒரு சுவருக்கும் காணாது.

அந்த நேரத்திற்றான் விற்பவர் பக்கத்திலிருந்து செய்தி வந்தது. பழைய விலைக்குக் கட்டுப்படியாகாதாம்; டொலர்க் கணக்கிற் பார்த்துப் புது விலை பேசவேண்டுமாம்.

நாங்கள் சட்டத்தரணியிடம் ஓடினோம். அவர் அந்தக் கோட்டுத் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று உண்டு. காணி, வீடு போன்ற அசையா ஆதனத்தை விற்பது மட்டுமல்ல, விற்பதாக உடன்படுவதும்கூட, நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் முன்னிலையிற் கையெழுத்தானாலொழிய வலுவற்றது என்பது அதன் சாரம். ஏறக்குறைய இரு நூற்றாண்டாக இந்த நாட்டில் இருக்கும் சட்டம்! நாற்பது ஆண்டு பத்திரிகைத் தொழில் செய்த எனக்கு அது தெரியாமலா இருந்தது? தெரியும். தெரிந்த குடும்பத்திடம் நொத்தாரிசைக் கூட்டிக்கொண்டு போவது மரியாதையில்லை என்று நினைத்தேன். “கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம், வீட்டைத் தா என்று கேட்க வழியில்லை” என்றார் சட்டத்தரணி.

2022 ஒக்டோபரில் காசு திரும்பி வந்தது. அதே இருபது இலட்சம், ஒரு சதம் வட்டியில்லாமல். கொடுத்தபோது அதன் பெறுமதி ஏறக்குறையப் பத்தாயிரம் டொலர். திரும்பியபோது ஐயாயிரத்தைந்நூறு. விற்ற நகையைத் திரும்ப வாங்கப் போனால், தங்கம் ஒன்றரை மடங்கைத் தாண்டியிருந்தது. “காசைத் தந்துவிட்டோம்தானே, ஒரு சதமும் குறைக்கவில்லையே” என்று அந்தக் குடும்பம் இன்றும் என்னிடம் சொல்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், வீடு வாங்க வந்த இருவரைப் பதினான்கு மாதம் வட்டியில்லாக் கடன் கொடுப்போராக வைத்திருந்தோம் என்பதை அவர்கள் உணரவேயில்லை. தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை யார் கட்டுவது என்று முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால், எப்போதும் வாங்குபவரே கட்டுகிறார்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ரொறன்ரோவில் இருக்கும் சகோதரர்களில் ஒருவர் அங்கே சொந்த வீடு வாங்கியவர். ஒன்ராறியோவில் வழக்கமாகப் பயன்படும் வீட்டு ஒப்பந்தப் படிவத்தில், குறித்த காலம் ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று ஒரு வாசகம் அச்சிட்டே இருக்கும். குறித்த நாளிற் காசு போய்ச் சேராவிட்டால் முற்பணம் பறிபோகலாம் என்பதும் அவருக்குத் தெரியும். அதே மனிதர், தெகிவளை வீட்டுக்கான தத்துவத்திற் கையெழுத்திட ஒரு பகல் விடுப்பு எடுக்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். அங்கே சட்டம் கேட்கிறது, ஆகவே திகதி தப்புவதில்லை. இங்கே உறவும் பழக்கமும் மட்டுமே கேட்கின்றன, ஆகவே நாளைக்குப் பார்க்கலாம். புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் கோபிக்கவேண்டாம். ஊரிலுள்ள தாய் தந்தையரின் வீட்டை விற்பதென்று முடிவெடுத்தால், விலை பேசுவதற்கு முன்பே பங்காளிகளின் கையெழுத்துகளை ஒழுங்கு செய்யுங்கள். மறுமுனையில் ஒரு குடும்பம் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

வாங்குபவர்களுக்கும் சில வார்த்தைகள், பட்டறிவிலிருந்து.

தாமதத்தில் இரு வகை உண்டு. ஒன்று தாளின் தாமதம், மற்றது மனத்தின் தாமதம். தாளின் தாமதத்தில் ஒவ்வொரு மாதமும் ஏதோவொரு தாள் நகரும்: வழக்கின் அடுத்த தவணைத் திகதி, பதிவான தத்துவத்தின் பிரதி, நில அளவைப் படம், சோலைவரிச் சிட்டை. மனத்தின் தாமதத்தில் வார்த்தைகள் மட்டுமே நகரும். ஆகவே “எப்போது முடியும்?” என்று கேட்காதீர்கள். “இனி எந்தத் தாள் வரவேண்டும், அது யார் கையில் இருக்கிறது?” என்று கேளுங்கள். இரண்டு முறை கேட்டும் மூன்றாம் முறையும் தாளுக்குப் பதிலாகக் கதை வந்தால், விற்கும் எண்ணம் தளர்ந்துவிட்டது, அல்லது கூடிய விலைக்கு வேறொருவர் வந்துவிட்டார் என்றே கொள்ளுங்கள்.

முற்பணத்தை நொத்தாரிசு உடன்படிக்கை இல்லாமற் கொடுக்காதீர்கள். பெற்ற பிள்ளைக்கு விற்றாலும் அப்படித்தான். அதில் முடிவுத் திகதி இருக்கட்டும். திகதி தவறினால் முற்பணத்தோடு எவ்வளவு வட்டி அல்லது நட்டஈடு திரும்பவேண்டும் என்பதும், உறுதி எழுதித் தருமாறு வழக்கிடும் உரிமை உங்களுக்குண்டு என்பதும் இருக்கட்டும். வழக்கு, தத்துவம் போன்றவை நிலுவையில் இருந்தால் அவற்றையும் பெயர் சொல்லி எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை குறியுங்கள். இயலுமானால் காசு, உரிமை தெளிவாகும்வரை சட்டத்தரணியின் கையில் இருக்கட்டும். பிறகு அந்த உடன்படிக்கையைக் காணிப் பதிவகத்திற் பதியுங்கள். பதியாத ஆவணம், பின்னால் வந்து முந்திப் பதிந்தவரின் ஆவணத்துக்கு முன் தோற்றுப்போகலாம்.

உங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. உறுதியிற் கையெழுத்து விழும்வரை இருக்கும் வாடகை வீட்டை விட்டு எழும்பாதீர்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்றாதீர்கள். “திறப்பைத் தருகிறேன், வெள்ளையடித்துக்கொண்டிருங்கள்” என்று விற்பவர் அன்பாகச் சொன்னாலும், இன்னொருவர் வீட்டுச் சுவருக்கு உங்கள் காசில் வெள்ளையடிக்காதீர்கள். அந்த வெள்ளை காய்வதற்குள், விலகிப்போகும் துணிவும் உங்களிடமிருந்து போய்விடும்.

இவ்வளவு எழுதியும், இது நம்பிக்கையின்மையைப் போதிப்பதாக யாரும் கொள்ளவேண்டாம். அந்தக் கோட்டுத் தாளுக்குப் பதிலாக ஓர் உடன்படிக்கை இருந்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் இருந்த நாற்பதாண்டு நட்பு இன்று இருந்திருக்கும். எழுத்து நட்புக்கு எதிரியல்ல, வேலி. வேலி இல்லாத காணியிற்றான் அயலவர்கள் பகைவர்களாகிறார்கள்.

அந்தத் தம்பதியர் 2024இல் வத்தளையில் ஒரு சிறிய வீட்டை வாங்கினார்கள். முன்னையதைவிட ஓர் அறை குறைவு, மாமரம் இல்லை. உடன்படிக்கை எழுதும்போது நொத்தாரிசு இரண்டு சாட்சிகளைக் கேட்டார். “ஐயா, நீங்கள் ஒருவர்” என்றார் என் பழைய உதவி ஆசிரியர். முடிவுத் திகதி எழுதப்பட்டிருந்த வரியை இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். பழமொழி எதுவும் சொல்லவில்லை.