மூத்த தாரமும் முந்நூறு சத்தமும்

எங்கள் வீட்டு பீரோவுக்கு மேல் ஒரு கிடார் படுத்திருக்கிறது. என் மனைவி அதை 'மூத்த தாரம்' என்பாள். பி.காம். படிக்கும்போது கட்டிக்கொண்டது. வேலை தேட ஆரம்பித்ததும் தள்ளிவைத்தது. ஜீவனாம்சமாக வருஷத்துக்கு ஒருமுறை தூசி மட்டும் தட்டிக் கொடுக்கிறேன்.

இந்தப் பழைய சம்பந்தத்தை நம்பித்தான் போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி கதவைத் தட்டினான். கையில் செல்போன். அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள்.

"அண்ணே, இருபத்திரெண்டாயிரம் சேத்து வச்சிருக்கேன். இதுல எதை வாங்க?"

பெட்டி என்றால் பெடல். பெடல் என்றால் காலால் மிதிக்கிற டிஜிட்டல் ஆம்ப். சோப்பு டப்பா சைஸ்தான். உள்ளே பத்து ஆம்ப், இருபது ஆம்ப் என்று விளம்பரம்.

எங்கள் கோட்டாறு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். 2-ஆம் நூற்றாண்டில் தாலமி குறித்து வைத்த 'கொட்டியாரா' இதுதான் என்பார்கள். 1,800 வருஷமாகப் பேரம் பேசிய மண்ணில் பிறந்து, கம்போளத்தில் ஒரு மொத்தக் கடையில் கணக்கும் எழுதுகிறவன், ஒரு சாமான் வாங்கத் தெரியாமல் திருதிருவென்று முழித்தான்.

விஷயம் பொழுதுபோக்கு அல்ல. அவன் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறான். டிசம்பர் 3-ல் சவேரியார் திருவிழா முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் கச்சேரிகள் வந்துவிடும். குழுத் தலைவர் நாசூக்காகச் சொல்லிவிட்டாராம்: "தம்பி, ஒன் கிடார் சத்தம் சரிப்படல. கீபோர்டுலயே கிடார் சத்தம் வருது. ஒரு ஆள் சம்பளம் மிச்சம்."

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காரணம், அவனுடைய அப்பா.

அண்ணாச்சியும் கிடாரிஸ்ட்தான். 'பயணங்கள் முடிவதில்லை' வந்த 1982-ல், அந்த நிலாப் பாட்டின் கிடாரை ஊர் ஊராக வாசித்துக் கைதட்டு வாங்கியவர். தொண்ணூறுகளில் மேடைக்குக் கீபோர்டு வந்தது. முதலில் வயலின்காரர் வீட்டுக்குப் போனார், அப்புறம் புல்லாங்குழல், அப்புறம் அண்ணாச்சி. அவர் கிடாரை வைத்துவிட்டு ஒரு பாத்திரக் கடையில் பில் போடப் போனார். இப்போது அதே வியாதி அடுத்த தலைமுறைக்கு!

"ஒரு பெட்டி வந்துதான் என் வேலை போச்சு. இப்ப நீ வேலையைக் காப்பாத்த இன்னொரு பெட்டி வாங்குதியா?" என்றார் அண்ணாச்சி. கேள்வி நியாயமானது. பதில் எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை.

★

பி.காம். படித்தவன் எதையும் பற்று, வரவு என்று பிரித்துவிடுவான். முதலில் இந்தப் பெட்டி எதை வரவு வைக்கிறது என்று பார்ப்போம்.

எலெக்ட்ரிக் கிடாரைச் சும்மா வாசித்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. அதைக் கேட்க வைப்பது ஆம்ப். ஆனால் கிடாருக்கு ஆம்ப் வெறும் ஒலிபெருக்கி இல்லை, பாதி வாத்தியமே அதுதான். பழைய வால்வு ஆம்பை அதன் சக்திக்கு மேல் விரட்டினால், வருகிற சிக்னலின் தலையைச் சீவிவிடும். அந்த வெட்டுதான் ராக் இசையின் உறுமல். உறுமலோடு நிறையக் கரகரப்பும் வரும். அதைத் தடுப்பது ஸ்பீக்கர். கிடார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் எதையும் வெளியே விடாது. காபி ஃபில்டர் மாதிரி. அது இல்லாவிட்டால் டிகாக்‌ஷனைத் தூளோடு குடிக்க வேண்டியதுதான்.

இந்த வால்வையும் ஸ்பீக்கரையும் சேர்த்துக் காலடிக்குக் கொண்டுவர வெகுகாலமாக முயற்சி நடக்கிறது. 1989-ல் ஆண்ட்ரூ பார்ட்டா என்பவர் 'சான்ஸ்ஆம்ப்' செய்தார். அது டிஜிட்டல் இல்லை, சாதாரண எலெக்ட்ரானிக்ஸ். 1996-ல் 'லைன் 6' கம்பெனி ஆம்பின் குணத்தைக் கணக்காக மாற்றி ஒரு ஆம்புக்குள்ளேயே வைத்தது. 1998-ல் அதை அவரைக்காய் விதை மாதிரி ஒரு சிவப்புப் பெட்டியில் அடைத்து 'பாட்' என்று விற்றது. இன்றைய பெட்டிகள் எல்லாம் அந்தப் பரம்பரை.

★

சரி, பரீட்சை பண்ணிப் பார்க்கலாம் என்று ஒரு நண்பரிடம் பழைய பெட்டி ஒன்றை இரவல் வாங்கினோம். ஒத்திகை அறையில் மிக்சரில் சொருகினோம். தம்பி வாசித்தான்.

தகர டப்பாவுக்குள் வண்டு!

கீபோர்டுக்காரர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நோண்டியபோதுதான் புரிந்தது. பெட்டியில் 'கேப்' என்று ஒரு ஸ்விட்ச். கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் வேஷம். அது அணைந்து கிடந்தது. நிஜ ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மைக் வைத்து அதன் கைரேகையை எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐ.ஆர். என்பது அதற்குப் பெயர். நேராக மிக்சருக்குப் போனால் அது கட்டாயம் வேண்டும். ஏற்கெனவே ஸ்பீக்கர் உள்ள கிடார் ஆம்புக்குப் போனால் வேண்டாம். அங்கேயும் போட்டால் ஃபில்டருக்குள் ஃபில்டர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவதுபோல் மந்தமாக இருக்கும்.

ஆக, நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'உள்ளே எத்தனை ஆம்ப்?' இல்லை. 'வெளியே எதில் சொருகப் போகிறாய்?'

இரண்டாவது கேள்வி மின்சாரம். சாதாரண டிஸ்டார்ஷன் பெடல் 9 வோல்ட் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். டிஜிட்டல் பெட்டிகள் பகாசுரன்கள். நூறு மில்லி ஆம்பியரில் தொடங்கி ஐந்நூறு வரை, சில அதற்கும் மேல் கேட்கும். நான் புத்திசாலித்தனமாக ஒரு கீபோர்டின் அடாப்டரை எடுத்துச் சொருகப் போனேன். அண்ணாச்சி கையைப் பிடித்துவிட்டார். கிடார் பெடல்களில் பெரும்பாலும் நடு ஊசி நெகட்டிவ். சில கீபோர்டு அடாப்டர்களில் அது பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் பெட்டி பரலோகம் போகலாம். "படிச்சவன்தான் ஊசியைப் பாக்க மாட்டான்" என்றார்.

★

நவம்பரில் மூவரும் நாகர்கோவில் ஜங்ஷனில் ரயிலேறித் திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். அண்ணாச்சி எதற்கு வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தம்பியின் சொந்தக் கிடாரையே எடுத்துப் போனோம். கடைக் கிடாரில் எல்லாமே இனிக்கும்.

விலை சில ஆயிரத்தில் தொடங்கி அரை லட்சத்தையும் தாண்டுகிறது. 2018-ல் வந்த 'எச்எக்ஸ் ஸ்டாம்ப்' ஒரு சூப்பர் மார்க்கெட். முந்நூறு சத்தங்களுக்கு மேல் உள்ளே. மிதிக்க மூன்று ஸ்விட்ச், பார்க்க ஒரு திரை. 2019-ல் வந்த 'இரிடியம்' நேர் எதிர். மூன்றே ஆம்ப், மூன்றும் நன்று என்கிற கட்சி. இரண்டுமே தம்பியின் பையைத் தாண்டிவிட்டன. மிச்சம் இரண்டு. 2023-ல் வந்த 'பாஸ் ஐஆர்-2', பதினொரு ஆம்ப், பேஸ் மிடில் ட்ரெபிள் மூன்றும் வெளியே குமிழாக. 2024-ல் வந்த 'டோனெக்ஸ் ஒன்', உள்ளங்கையில் அடங்கும், இருபது ஆம்ப் வைத்துக்கொள்ளலாம், புதிதாக ஏற்ற கம்ப்யூட்டர் வேண்டும்.

தம்பி எடுத்த எடுப்பில் உச்ச உறுமலை வைத்து விளாசினான். கடைப் பையன்கள் தலையாட்டினார்கள். அண்ணாச்சி மட்டும் கண்ணை மூடியபடி, "லேய், கிடார்ல வால்யூமைப் பாதியாக் குறை" என்றார்.

குறைத்தான். நல்ல வால்வு ஆம்ப் என்றால் அப்போது உறுமல் தணிந்து தெளிவாகப் பேசும். மட்டமான நகலோ அதே உறுமலைச் சின்னக் குரலில் உறுமும். அடுத்து மெதுவாகத் தட்டச் சொன்னார். அடுத்து ஓங்கி. விரலுக்கும் சத்தத்துக்கும் உறவு இருக்கிறதா என்று பார்த்தார், பெண் பார்க்கப் போனவர் மாதிரி.

"சத்தம் லேட்டா வருமோ?" என்று நான் கேட்டேன். டிஜிட்டல் என்றால் கணக்குப் போடக் கொஞ்சம் நேரம் எடுக்குமே. நல்ல பெட்டிகளில் சில மில்லி செகண்ட்தான். ஒரு மில்லி செகண்டில் சத்தம் காற்றில் போவதே 34 சென்டிமீட்டர்தான். மூன்று மில்லி செகண்ட் என்றால் ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். அண்ணாச்சி வாழ்நாள் முழுக்க அதைவிடத் தள்ளி நின்றே தாளம் தவறாமல் வாசித்தவர்.

இரண்டுமே அவர் பரீட்சையில் பாஸ். "கச்சேரி நடுவுல எதைத் திருகுவே?" என்று மட்டும் கேட்டார். தம்பி குமிழ் வெளியே இருந்ததைக் காட்டினான். பில் போட்டாயிற்று. வீட்டில் பதிவு செய்கிறவனாக இருந்தால் மற்றதே சரி. மேடையில் இருட்டில் நிற்கிறவனுக்குக் குமிழ்தான் தெய்வம்.

★

கச்சேரி நாள். வீட்டில் ஹெட்போனில் தேனாக இனித்த சத்தம் மேடை ஸ்பீக்கரில் காதைக் குத்தியது. குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடித்தொனியும் மேல்தொனியும் சரியாகக் கேட்காது. அதனால் வீட்டில் இரண்டையும் கூட்டி வைத்துவிடுவோம். மேடையில் சத்தம் ஏறியதும் இரண்டும் பிசாசாகக் கிளம்பும். நடுத்தொனி காணாமல் போகும். கிடார் குடியிருப்பதே அந்த நடுவில்தான்.

தம்பி வேர்த்துப்போய்க் கூட்டத்தைப் பார்த்தான். மிக்சர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி கையை உயர்த்தி, காற்றில் ஒரு குமிழை வலப்பக்கம் திருகினார்.

மிடில்.

தம்பி குனிந்து திருகினான். அடுத்த பாட்டில் இடையிசை வந்தது. கீபோர்டுக்காரர் வழக்கம்போல் கிடார் சத்தத்தில் வாசிக்கக் கையைத் தூக்கினார். இரண்டு விநாடி கேட்டார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. கைதட்டு பாடகிக்குத்தான் போயிற்று. ஆனால் பொங்கல் கச்சேரிக்குத் தம்பியின் பெயர் பட்டியலில் இருந்தது.

திரும்பி வரும்போது அண்ணாச்சியிடம், "பெட்டி நல்ல பெட்டிதானே?" என்றேன். "பெட்டி கெடக்கட்டும். இந்தத் தடவை திருகறதுக்கு ஆள் வேணும்னு ஆயிப்போச்சு பாத்தேளா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு பீரோ மேலிருந்து கிடாரை இறக்கினேன்.

"மூத்தவளைக் கூட்டிட்டு வந்தாச்சாக்கும்" என்றாள் மனைவி. "சீர்வரிசைக்குப் பெட்டி கிட்டி வாங்கணும்னு வந்தியளோ, பொறவு ரெண்டு பேரும் பீரோ மேலதான்!"