திருகுக்கும் ரசீது கேளுங்கள்

1903 வாக்கில் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் லாங்கே, முழங்கால் ஜவ்வுக்குப் பட்டு இழையை மாற்றாக வைத்துப் பார்த்தார். காஞ்சிபுரத்துக்காரர்கள் காலரைத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பட்டு முறை நிலைக்கவில்லை. இன்று பலருக்கும் நோயாளியின் தொடைப் பின்புறத் தசைநாணையே எடுத்துப் பொருத்துகிறார்கள். அது எலும்போடு கூட இரண்டு, மூன்று மாதமாகும். அதுவரை பெரும்பாலும் அதைப் பிடித்து நிற்பவை, தொடை எலும்பின் வெளிப்புறத்தில் குறுக்காக உட்காரும் சின்ன உலோகப் பொத்தானும் கீழ்க்கால் எலும்புத் துளையில் இறங்கும் திருகும்தான். கரையையும் உடலையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையைப் போலவே இங்கும் உறுதி இணைப்பில்தான். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு விலை வரம்பு வைத்தது. ஜவ்வுச் சிகிச்சைத் திருகும் பொத்தானும் அதில் சேரவில்லை. சேர்க்க வேண்டும். காஞ்சிபுரம் போலத் தறி மிதித்துப் பிழைக்கும் ஊருக்கு முழங்கால் ஆடம்பரமல்ல. அறுவைக்கு முன்பே பொருளின் பெயரையும் விலையையும் கேளுங்கள். அதன் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டி வாங்குங்கள்.